சத்தியக்கடதாசியில் ஒரு சொல்

பதுளை,
11 பெப்ரவரி 2023

அன்புள்ள தங்கச்சி நிப்லாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நீயும் உன் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் நல்ல சுகத்தோடு இருக்க துஆச் செய்துகொண்டு இதை எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம். றுஷ்தா தரம் ஆறில் படிக்கிறாள். கணக்கில் கெட்டி, தமிழில் சோம்பல். மாமிக்குக் கால் வீக்கம் வருவதும் வடிவதுமாக இருக்கிறது. மாதம் ஒருமுறை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகிறேன்.

போன் இருக்கும்போது எதற்குக் காகிதம் என்று நினைப்பாய். நம் வீட்டில் அறைக்கும் அறைக்கும் நடுவே பலகைதான். நான் போனில் பேசத் தொடங்கினால் அந்தப் பக்கம் மாமியின் தஸ்பீஹ் மணிச் சத்தம் நின்றுவிடும். போனிலேயே எழுதி அனுப்பினால் அது யார் யார் கைக்குப் போகும் என்று எனக்குத் தெரியாது. ஸித்தி ஸுபைதா டீச்சர் மகளைப் பார்க்க தோஹா வருகிறார். அவர் கையில் ஒட்டிக் கொடுக்கிறேன். ஒட்டிய இடம் கலைந்திருந்தால் எனக்குச் சொல்.

நீ கல்யாணம் முடித்துப் போன வருஷம்தான் அது நடந்தது. உனக்கு நான் முழுதாகச் சொன்னதே இல்லை. உன் மச்சான் முன்ஸிப்பும் கொஸ்லந்தைத் தோட்டத்து விஜேந்திரனும் ஒன்றாகத்தான் அமெரிக்கா போனார்கள். ஒரே அறை, ஒரே கிடங்கில் வேலை. 2017 ஜனவரியில் விஜேந்திரனுக்கு வேலை போனது. தான் குடித்துவிட்டு வேலைக்கு வந்ததை முதலாளியிடம் சொல்லிக் கொடுத்தது முன்ஸிப்தான் என்று அவர் சந்தேகப்பட்டார். வீட்டுக்கு வெளியே இரும்புப் படியில் வைத்து இருவருக்கும் சண்டை. படியெல்லாம் பனி உறைந்து கிடந்ததாம். விஜேந்திரன் விழுந்தார். மண்டையில் அடிபட்டு அங்கேயே உயிர் போய்விட்டது.

பார்த்தவர் ஒருவருமில்லை. பொலிஸ் கேட்டபோது உன் மச்சான் தமிழில் சொன்னார். போனில் இருந்த ஒரு மொழிபெயர்ப்பாளர் அதை இங்கிலீஷில் சொன்னார். அந்த இங்கிலீஷ்தான் முழு வழக்கும். கோபத்தில் ஆளைத் தள்ளிக் கொன்றார் என்று இருபது வருஷம் கொடுத்தார்கள்.

அந்த நாட்டில் ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனி நீதிமன்றம் இருக்கிறது, நாட்டுக்கு மத்திய நீதிமன்றம் என்று வேறொன்று இருக்கிறது. தண்டித்தது மாநில நீதிமன்றம். அதன் மேல் நீதிமன்றமும் சரி என்றது. இப்போது மத்திய நீதிமன்றத்தில் மனுப் போட்டிருக்கிறது. அதற்கு ஒரு வெள்ளைக்காரப் பெண் சட்டத்தரணியை அரசாங்கமே கொடுத்திருக்கிறது. அடைத்து வைத்திருப்பதும் அரசாங்கம், வெளியே எடுக்க ஆள் கொடுப்பதும் அரசாங்கம். எனக்கு இது ஆரம்பத்திலிருந்தே சரியாகப் படவில்லை. முதலில் பேசிய சட்டத்தரணியும் அப்படித்தான் வந்தார். எங்கள் வீட்டுக்கு ஒரு போன் கூட எடுக்காமலே வழக்கை முடித்துவிட்டுப் போனார்.

ஆனால் இந்த அம்மா ஒரு வேலை செய்தார். பொலிஸின் ஒலிப்பதிவை எடுத்து, கொழும்பில் பிறந்த ஒரு பெண்ணைக் கேட்க வைத்தார். முதல் நிமிஷத்திலேயே ஒரு பிழை பிடிபட்டது. சண்டைக்கு முன்னால் "தாத்தாவோட பேசிட்டு இருந்தேன்" என்று இவர் சொல்லியிருக்கிறார். பண்டாரவளையில் இருக்கும் அவருடைய ஹம்ஸியா தாத்தாவோடு. மொழிபெயர்த்தவர் இந்தியாக்காரர். மூத்த சகோதரியை நாம் தாத்தா என்போம் என்று அவருக்குத் தெரியவில்லை, பாட்டனார் என்று சொல்லிவிட்டார். வாப்பாவின் வாப்பா, உம்மாவின் வாப்பா என்று இவருடைய இரண்டு அப்பாமாரும் மௌத்தாகி எத்தனையோ வருஷம். இறந்தவரோடு பேசினாராம், எவ்வளவு பெரிய பொய்யர் பாருங்கள் என்று அரச தரப்பு ஜூரிமாரிடம் கேட்டதாம். நிப்லா, ஒரு தாத்தாவை வைத்து ஒரு மனிதனைப் பொய்யனாக்கிவிட்டார்கள்.

இனிச் சொல்லப் போவதை வாசித்த பிறகு இந்தக் காகிதத்தைக் கிழித்துவிடு.

சட்டத்தரணி அந்த ஒலிப்பதிவை எனக்கும் அனுப்பினார். சண்டையைப் பற்றி இவர் சொன்னது ஒரே வரிதான். "அவன் என்ன இங்க புடிச்சான், நான் தட்டி உட்டேன், அவன் உழுந்துட்டான்." தட்டி விட்டேன் என்றால் பிடித்த கையை விலக்கிவிட்டேன் என்று அர்த்தம். மொழிபெயர்ப்பாளர் அதைத் தள்ளிவிட்டேன் என்று மாற்றிவிட்டார் என்பது எங்கள் பக்கத்து வாதம். ஆறு வருஷமாக ஞாயிற்றுக்கிழமை போனில் இவர் என்னிடம் சொல்லி வந்ததும் தட்டி என்றுதான். எங்கள் பேச்சில் அந்தச் சொல் இன்னதுதான், அது என் கணவரின் குரல்தான், நானே கேட்டேன் என்று நான் சத்தியக்கடதாசி கொடுக்க வேண்டும்.

நேற்று ஜும்ஆவுக்கு ஜுனைதீன் நானா கடையை என் பொறுப்பில் விட்டுப் போனார். கோர்ட்டுக்கு முன்னால் இருக்கும் டைப்பிங் கடை, வெள்ளிக்கிழமை அந்த நேரத்தில் யாரும் வரமாட்டார்கள். காதில் மாட்டிக்கொண்டு அந்த ஒலிப்பதிவைக் கேட்டேன். அந்தச் சொல் வந்தது. எனக்குத் "தள்ளி" என்று கேட்டது.

ஒன்பது தரம் போட்டுக் கேட்டேன். இரண்டு தரம் தட்டி என்று கேட்டது. மற்ற ஏழு தரமும் இல்லை. நான் கேட்க விரும்பியதால்தான் அந்த இரண்டு தரமும் அப்படிக் கேட்டதோ என்று நினைக்கிறேன்.

நீ முதலிலிருந்தே அவரை நம்பியதில்லை என்று எனக்குத் தெரியும். அதற்காகச் சந்தோஷப்படாதே. என்ன செய்ய என்று மட்டும் எழுது. போனில் சொல்லாதே.

உனக்கும் பிள்ளைகளுக்கும் அல்லாஹ் துணை இருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் தாத்தா ஷஹீலா


பதுளை,
3 செப்டம்பர் 2023

அன்புள்ள நிப்லாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நீ எழுதிய பதில் கிடைத்தது. மனதில் பட்ட உண்மையைச் செய் என்று எழுதியிருந்தாய். அது வந்து சேருமுன் நான் கையெழுத்து வைத்துவிட்டேன். சமாதான நீதவானுக்கு முன்னால் நின்று, தட்டி என்றே கேட்டது என்று சத்தியம் செய்தேன். ஊர் ஆட்களுக்கு எத்தனையோ சத்தியக்கடதாசி டைப் செய்து கொடுத்த கை. என்னுடையதில் மட்டும் மூன்று இடத்தில் எழுத்துப் பிழை விட்டேன்.

இந்த முறை பதிவுத் தபாலில் அனுப்புகிறேன். டீச்சரைப் பற்றிக் குறை சொல்லவில்லை. ஆனால் அவர் திரும்பி வந்த நாளிலிருந்து என்னைக் கண்டால் கூடுதலாகச் சிரிக்கிறார்.

மத்திய நீதிமன்றத்தின் தீர்ப்பு ஜூலையில் வந்தது. மனு தள்ளுபடி. சட்டத்தரணியும் அந்தக் கொழும்புப் பெண்ணும் ஒரு மணித்தியாலம் வீடியோவில் விளங்கப்படுத்தினார்கள். முதல் சட்டத்தரணிமார் மாநில நீதிமன்றத்தில் வைக்காத எந்தச் சாட்சியத்தையும் மத்திய நீதிமன்றம் இனிப் பார்க்கக் கூடாதாம். அதனால் என் சத்தியக்கடதாசி பிரிக்கப்படவே இல்லை. அதுமட்டுமில்லை, மாநில நீதிபதி பிழை விட்டார் என்று காட்டினாலும் போதாதாம். நியாயமாக யோசிக்கும் எந்த நீதிபதியும் விடமாட்டாத அளவுக்குப் பெரிய பிழை என்று காட்ட வேண்டுமாம். இந்த நீதிபதியே தன் தீர்ப்பில், நானே முதலில் விசாரித்திருந்தால் வேறு முடிவுக்கு வந்திருக்கக் கூடும், ஆனால் சட்டம் எனக்கு அந்த இடத்தைத் தரவில்லை என்று எழுதியிருக்கிறார். சாதாரணப் பிழைக்கும் அப்படிப்பட்ட பிழைக்கும் நடுவே எத்தனை வருஷம் என்று நான் கேட்டேன். அந்தப் பெண் அதை மொழிபெயர்த்தாளா இல்லையா தெரியவில்லை.

நம் ஊரிலும் இந்தக் கதை உண்டு. தோட்டத்து ஆட்கள் தொழில் நியாய சபையின் முடிவைத் தூக்கிக்கொண்டு எங்கள் கடைக்கு வருவார்கள். நடந்தது அப்படியில்லை ஐயா என்று அழுவார்கள். ஜுனைதீன் நானா கண்ணாடியைக் கழற்றிவிட்டு, நடந்ததைப் பற்றி இனிப் பேச முடியாது, சட்டத்தில் பிழை இருந்தால் மட்டும் சொல்லுங்கள் என்பார். அப்போதெல்லாம் நானும் அதை டைப் செய்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போயிருக்கிறேன்.

என் காகிதம் பிரிக்கப்படவில்லை என்று கேட்டதும் முதலில் எனக்கு வந்தது ஆறுதல். உன்னிடம் மட்டும்தான் இதைச் சொல்லலாம். என் பொய்ச் சத்தியத்தை ஒருவரும் வாசிக்கவில்லை என்ற ஆறுதல். அவர் இன்னும் பதினான்கு வருஷம் உள்ளே இருக்க வேண்டும் என்பது அதற்குப் பிறகுதான் நினைவுக்கு வந்தது. அன்று முழுவதும் என் முகத்தை நான் கண்ணாடியில் பார்க்கவில்லை.

அடுத்த ஞாயிறு போனில் அவரிடம் ஒன்று கேட்டேன். விஜேந்திரனைப் பற்றி முதலாளியிடம் சொன்னது நீங்களா என்று. அவர் றுஷ்தாவின் பரீட்சையைப் பற்றிக் கேட்டார். இந்த அழைப்பு பதிவு செய்யப்படுகிறது என்று நடுவில் ஒரு குரல் வருமே, அதுதான் காரணமா, வேறு காரணமா என்று தெரியாமல் போனை வைத்தேன்.

இனி முக்கியமான விஷயம். போன செவ்வாய்க்கிழமை கடைக்கு ஒரு பெண் வந்தார். நீலச் சேலை, கையில் ஒரு பழுப்பு உறை. பெயர் கேட்டேன். கலாராணி என்றார், கொஸ்லந்தை என்றார். நான் எழுந்து நின்றுவிட்டேன். விஜேந்திரனின் மனைவி. விஜேந்திரனின் உடல் பெட்டியில் வந்த நாளில் நான் அந்தத் தோட்டத்துக்குப் போனதும், லயத்து வீட்டு வாசலிலேயே அவருடைய தம்பி என்னைத் திருப்பி அனுப்பியதும் உனக்குத் தெரியும். அன்றும் சரி, அதற்குப் பிறகு இந்த ஆறரை வருஷமும் சரி, நாங்கள் முகம் பார்த்ததில்லை.

கோர்ட்டுக்கு முன்னால் இங்கிலீஷ் கடிதம் வாசித்துச் சொல்லும் கடை என்று தபால்காரர் சொன்னாராம். அது யார் வேலை செய்யும் கடை என்று தெரிந்துதான் வந்தார் என்று நான் நினைக்கிறேன். என் முகத்தைப் பார்க்க வந்திருக்கிறார். உறையில் இருந்தது அமெரிக்காவின் அரச வழக்கறிஞர் அலுவலகக் கடிதம். உங்கள் கணவரைக் கொன்றவரின் மனு தள்ளுபடியாகிவிட்டது என்று அவருக்கு அறிவித்திருந்தார்கள். அதை அவருக்குத் தமிழில் சொல்ல வேண்டியவள் நான்.

கூட்டிச் சொல்லலாம், குறைத்துச் சொல்லலாம், அவருக்குத் தெரியவா போகிறது என்று ஒரு கணம் தோன்றியது. எங்களுக்கு நடந்ததே அதுதானே என்று வரிக்கு வரி அப்படியே சொன்னேன். "கொன்றவர்" என்ற சொல்லையும் விடவில்லை. அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, இந்தக் கடிதத்தில் ஏதோ பேச்சுப் பதிவு என்று வந்ததே, அது உங்களிடம் இருக்கிறதா என்று கேட்டார்.

இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை என்று தெரியவில்லை. காதில் மாட்டிவிட்டேன்.

ஒரே தரம்தான் கேட்டார். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். "அவன் என்ன இங்க புடிச்சான்" என்ற இடம் வந்திருக்க வேண்டும். அவருடைய கை தானாக எழுந்து தன் தொண்டையைப் பிடித்தது. நிப்லா, அந்த "இங்க" எங்கே என்று இத்தனை வருஷம் ஒருவரும் கேட்கவில்லை. மொழிபெயர்த்தவர் போனில் இருந்தார், உன் மச்சானின் கை எங்கே போனது என்று அவருக்குத் தெரியாது. அறையில் இருந்த பொலிஸ்காரர் அதை எழுதவில்லை. எல்லோரும் அதற்கு அடுத்த சொல்லிலேயே நின்றுவிட்டார்கள். நானும்தான்.

கழற்றிக் கொடுத்துவிட்டு அவர் சொன்னார்:

"தள்ளின்னுதாங்க சொல்றாரு. தட்டி இல்ல. எங்க வீட்டுக்காரருக்கு குடிச்சிட்டுக் கோவம் வந்தா இங்கதான் புடிப்பாரு. புடிச்சா விடமாட்டாரு. நானும் தள்ளியிருக்கேன். தள்ளாட்டி நான் இன்னைக்கு இல்ல."

இதை ஏன் அப்போதே சொல்லவில்லை என்று கேட்டேன். என் குரல் கொஞ்சம் கடுமையாகத்தான் வந்திருக்கும். என்னிடம் யாரும் கேட்கவில்லையே என்றார். செத்துப்போனவரைப் பற்றி யாரும் கேட்காமல் நானாக எப்படிச் சொல்வது, பிள்ளைகளுக்கு அப்பா என்று மிச்சமிருப்பது அந்த ஒரு படம்தானே என்றார். இதை எழுதிக் கையெழுத்து வைப்பீர்களா என்று கேட்டேன். தலையை ஆட்டி மறுத்துவிட்டு, கடிதத்தை மடித்து உறையில் வைத்துக்கொண்டு இரண்டு மணி பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

அன்று முதல் எனக்கு இதே யோசனை. ஏன் வந்தார்? ஏன் சொன்னார்? எழுதமாட்டேன் என்பவர் எதற்குச் சொல்ல வேண்டும்? அவரை யாராவது அனுப்பினார்களா என்றுகூட யோசித்தேன். யார் அனுப்புவார்கள், எதற்கு? அவர் எதையும் கேட்கவில்லை, ஒரு வாய் தண்ணீர் கூடக் குடிக்கவில்லை.

சட்டத்தரணியிடம் சொன்னேன். அவர், இதையும் மத்திய நீதிமன்றம் பார்க்காது, மாநிலத்தில் காலமும் கடந்துவிட்டது, ஆளுநரின் மன்னிப்புச் சபை ஒன்று இருக்கிறது, அது நீதிமன்றம் இல்லை, அது எதை வேண்டுமானாலும் வாசிக்கலாம் என்றார். ஆனால் கலாராணியின் கையெழுத்து வேண்டும்.

ஒன்று மட்டும் என்னை உறுத்துகிறது. உன் மச்சான் தள்ளியிருந்தால், அதை என்னிடம் ஏன் தட்டி என்றார்? நான் பயந்துவிடுவேன் என்றா? அல்லது அவருக்கே அந்தச் சொல் பயமா?

துஆச் செய். மாமியிடம் இதில் எதையும் சொல்லாதே.

இப்படிக்கு,
ஷஹீலா தாத்தா


பதுளை,
20 ஜனவரி 2024

அன்பும் மரியாதையும் உள்ள றுஷ்தாவின் வாப்பாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும் வறஹ்மதுல்லாஹ். உங்கள் உடல் நலத்துக்கும் மன நிம்மதிக்கும் ஐந்து நேரமும் துஆக் கேட்கிறோம். உங்கள் உம்மா சுகமாக இருக்கிறார். றுஷ்தா என் தோளுக்கு வளர்ந்துவிட்டாள். உங்களுக்கு எழுதிய கடிதத்தை எனக்குக் காட்டவில்லை, தானே ஒட்டிவிட்டாள். என் பழக்கம் அவளுக்கும் வந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

இந்தக் கடிதம் உங்கள் கைக்கு வருமுன் அங்கே ஒருவர் இதை வாசிப்பார் என்று எனக்குத் தெரியும். அவருக்கும் என் சலாம். அவருக்குச் சிரமம் வரக்கூடாது, எனக்கும் வரக்கூடாது என்றுதான் பள்ளிக்கூடத் தமிழில் எழுதுகிறேன்.

கலாராணி அவர்கள் நவம்பர் மாதம் மீண்டும் வந்தார்கள். முதலில் தம் மகள் சிவசக்தியிடம் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார்கள். அப்பா அம்மாவின் கழுத்தைப் பிடித்த நாட்களில் தானும் விழித்துத்தான் இருந்ததாக அந்தப் பிள்ளை சொன்னதாம். அதன் பிறகே கையெழுத்து வைக்கச் சம்மதித்தார்கள். கொஸ்லந்தையில் எல்லோரும் தெரிந்தவர்கள் என்பதால் அப்புத்தளையில் ஒரு சமாதான நீதவானிடம் போனோம். நல்ல மூடுபனி. பஸ் நிலையத்திலிருந்து அவர் வீடு வரை ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியவில்லை. எங்கள் இருவருக்கும் அது நல்லதாகவே இருந்தது. கடைசி நிமிஷத்தில் எழுந்து போய்விடுவார்களோ என்று அவர்கள் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். போகவில்லை. கையெழுத்து வைத்த பிறகு எனக்கும் சேர்த்துத் தேநீர் வாங்கினார்கள்.

அவர்கள் சொன்னது இதுதான். அவர்களுடைய கணவருக்குக் கோபம் வந்தால் தொண்டையைப் பிடிப்பார். பிடித்தால் விடமாட்டார். தள்ளினால்தான் தப்பலாம். தானும் தள்ளியிருப்பதாகவும் எழுதச் சொன்னார்கள். அந்த வரியை விட்டுவிடலாம் என்று நான் சொன்னேன். கூடாது என்றார்கள்.

அது இப்போது மன்னிப்புச் சபைக்குப் போயிருக்கிறது. ஒரு வருஷமும் ஆகலாம், கூடவும் ஆகலாம் என்று சட்டத்தரணி சொல்கிறார். என் பழைய சத்தியக்கடதாசியையும் சேர்க்கட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை. நீங்களும் கேட்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன். உங்கள் குரலை நான் நன்றாக அறிவேன் என்பது உங்களுக்குத் தெரியும்.

விஜேந்திரனுடைய வேலை பற்றி நான் போனில் கேட்டது உங்களைக் கஷ்டப்படுத்தியிருந்தால் மன்னித்துக்கொள்ளுங்கள். அதைக் கேட்டதற்காக நான் வருந்தவில்லை. கேட்ட இடம்தான் சரியில்லை.

சபையிலிருந்து உங்களைக் கேட்க ஒருவர் வருவாராம். இந்த முறை நேரில் வருவார், கூடவே நம் நாட்டுத் தமிழ் தெரிந்த ஒருவரும் இருப்பார் என்று சட்டத்தரணி வாக்குக் கொடுத்திருக்கிறார். நான் அந்த வாக்கை முழுதாக நம்பவில்லை. நீங்களும் நம்ப வேண்டாம். கையால் காட்டுவதை வாயாலும் சொல்லுங்கள். ஒவ்வொரு சொல்லையும் மெதுவாகச் சொல்லுங்கள்.

இன்னும் ஒன்று. இத்தனை வருஷமாக ஞாயிற்றுக்கிழமைகளில் என்னிடம் சொல்லி வந்ததையே அங்கேயும் சொல்ல வேண்டும் என்று, எனக்காக மட்டும், நினைக்க வேண்டாம். எனக்காக நீங்கள் காப்பாற்ற வேண்டிய சொல் எதுவும் இல்லை. நடந்தது எதுவோ அதைச் சொல்லுங்கள். அதைச் சொன்னவராகத்தான் இந்த வீட்டுக்கு வர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். எந்தச் சொல்லைச் சொல்லிவிட்டு வந்தாலும் கதவைத் திறப்பவள் நான்தான்.

அல்லாஹ் உங்கள் நாவை இலேசாக்கி வைப்பானாக. ஆமீன்.

இப்படிக்கு,
என்றும் உங்கள் மனைவி
ஷஹீலா